உப்புக் காற்றுக்கும் பில் வரும்: சென்னைக் குடித்தனத்துக்கு 26 குறிப்புகள்

சென்னையில் விலைவாசி என்றதும் எல்லோரும் வாடகையையும் தக்காளியையும் பற்றித்தான் பேசுகிறோம். அவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். தண்ணீர், புழுக்கம், உப்புக் காற்று இந்த மூன்றும் சத்தமில்லாமல் பர்ஸைக் கரைப்பதை யாரும் கணக்கு நோட்டில் எழுதுவதில்லை. கோயம்புத்தூரில் பத்து வருஷம் உழைக்கிற ஃப்ரிட்ஜ் பெசன்ட் நகரில் பாதி வயதிலேயே முதுகு துருப்பிடித்து நிற்கும். ஆகவே இந்தக் குறிப்புகளில் அந்த மூன்றுக்கும்தான் முதலிடம்.

1. வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் வைத்து மலிவா, விலையா என்று முடிவு கட்டாதீர்கள். வாடகை, மெயின்டனன்ஸ், லாரித் தண்ணீர், கரண்ட் நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிப் பாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் குழாய்த் தண்ணீர் எட்டாத அடுக்ககங்களில் வாடகை குறைவாகத் தெரியும். கோடையில் லாரிக் காசு மெயின்டனன்ஸில் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். "போன மே மாசம் மெயின்டனன்ஸ் எவ்வளவு வந்தது?" இந்த ஒரு கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து ஃப்ளாட்டில் கேளுங்கள்.

2. பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது அது. "வேறு உடன்பாடு இல்லாதவரை" என்ற அந்த இடைவெளியில்தான் எல்லாரும் புகுந்து வருகிறார்கள். ஆனாலும் பேரம் பேச இது நல்ல பிடி. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிந்துவிட்டால், பின்னால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்போது வீண் வாக்குவாதம் இருக்காது.

3. தரைத்தளம் என்றால் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். தரகர் "இந்த ஏரியாவில் தண்ணியே நிக்காது சார்" என்றுதான் சொல்வார். தெருமுனை இஸ்திரிக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களும் முழங்காலா இடுப்பா என்று கையாலேயே அளந்து காட்டிவிடுவார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் உஷார். கடலோரப் பழைய அடுக்ககமானால் தலையைத் தூக்கிக் கூரையையும் பாருங்கள். சிமென்ட் பூச்சு உப்பி, வரி வரியாக வெடித்திருந்தால் உள்ளே கம்பி துருவேறியிருக்கிறது. அது பெயின்ட் அடித்துத் தீருகிற வியாதி அல்ல.

4. சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கும் வீடுகள் நிறைய. தனி மின் இணைப்பு உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. ஏன் என்று அடுத்த குறிப்பில் தெரியும்.

5. நம் மாநிலத்தில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். இந்தப் படிகளில் வழுக்கும் படி ஒன்று உண்டு என்றால் அது 500. 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. 501ஆவது யூனிட்டிலிருந்து 8 ரூபாய் 55 காசு. 1000த்தைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. இது மட்டுமல்ல. 500க்குள் நிற்பவர்களுக்குக் கீழ்ப்படி யூனிட்டுகளில் கிடைக்கும் மானியச் சலுகை, 501 ஆனதும் பறிபோகும். அதாவது கடைசி ஒரு யூனிட் முன்னால் எரித்த யூனிட்டுகளின் விலையையும் ஏற்றிவிடும். கட்டணம் அவ்வப்போது மாறும். இந்த 500 கணக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்? ரீடிங் எடுத்த அன்று மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முப்பதாம் நாள் மறுபடி பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் மிச்சம் முப்பது நாளில் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க அவகாசம் இருக்கிறது. பில் வந்தபிறகு அங்கலாய்த்து ஒரு பயனும் இல்லை.

6. சென்னையில் கரண்டைத் தின்பது ஏசி என்று ஏசியையே திட்டுகிறோம். மின்விசிறியைக் கவனிப்பதில்லை. இங்கே ஃபேன் பத்து மாதம் ஓடுகிறது, அதுவும் நாள் முழுக்க. பழைய ஃபேன் சுமார் 75 வாட். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். அதே ஓட்டத்துக்கு 29 யூனிட்தான். ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 129. பில்லில் 600 யூனிட் காட்டும் வீடு 500க்குள் இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஹால் ஃபேனில் தொடங்குங்கள். விருந்தினர் அறை ஃபேன் பழையதாகவே இருக்கட்டும். வருகிற விருந்தினர் எத்தனை பேர்?

7. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணி நேரம் போட்டாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட். மொத்தக் கணக்கும் அதிலேயே முடிந்தது. 26ல் வைத்து, ஃபேனை இரண்டில் சுழல விடுங்கள். நம் ஊரில் உடம்பை வாட்டுவது சூட்டைவிட ஈரம்தான். அதனால் பல இரவுகளில் ரிமோட்டில் உள்ள 'டிரை' பொத்தானே போதும். பலபேர் வீட்டில் அந்தப் பொத்தானை யாரும் தொட்டதே இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அணைய டைமர் வைத்துவிடுங்கள். புது ஏசி வாங்குவதாக இருந்தால் மழைக்காலத்தில் வாங்குங்கள். கத்திரி வெயிலில் கடைக்குப் போனால், விலையும் அவர்கள் சொன்னதுதான், மாட்டித் தரும் தேதியும் அவர்கள் சொன்னதுதான்.

8. ஏர் கூலர் வாங்காதீர்கள். மதுரைக்கும் திருச்சிக்கும் அது சரி. தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிர்ச்சி தரும். ஏற்கெனவே ஈரம் ஏறிக் கிடக்கும் கடலோரக் காற்றில் தண்ணீர் எங்கே ஆவியாகும்? அறை குளத்தங்கரை மாதிரி ஆவதுதான் மிச்சம். மண்பானைக்கும் இதே நியாயம்தான். அதைச் சமையலறை மூலையில் வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காற்றோட்டமான ஜன்னலோரம், ஈர மணல் மேல் வையுங்கள், வித்தியாசம் தெரியும். பானையின் வெளிப்புறம் வழவழப்பானால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். துவாரங்கள் அடைபட்ட பானையில் தண்ணீர் குளிராது.

9. கடற்காற்று இலவசம், அதைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் பெரும்பாலும் நண்பகலையொட்டிக் கிழக்கிலிருந்து கிளம்பும். அதுவரை ஜன்னலை மூடித் திரையை இழுத்து வையுங்கள். காற்று வந்ததும் கிழக்கு, தெற்கு ஜன்னல்களையும் எதிர்ப்பக்கத்தில் ஒன்றையும் திறந்துவிடுங்கள். வெளியேற வழி இல்லாத வீட்டில் காற்று உள்ளே நுழையாது. மேற்குக் காற்று பலமாக வீசும் மே, ஜூன் நாட்களில் கடற்காற்று தாமதமாகும். வெயில் 40ஐத் தாண்டுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். அன்று ஜன்னலைத் திறந்து வைத்தால் அனல்தான் வரும்.

10. மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடா? வெயில் ஏறுமுன் மாடித் தளத்துக்கு வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட் அடித்துவிடுங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த ஊரில் தண்ணீரும் காசுதான்.

11. இப்போது உப்புக்கு வருவோம். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் இரும்பு வாங்கும் ஒவ்வொரு தடவையும் யோசியுங்கள்.

ஏசியின் வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்து மாட்டாதீர்கள். மாடித் தடுப்புச் சுவரின் மறைவிலோ வீட்டின் மேற்குப் பக்கத்திலோ மாட்டச் சொல்லுங்கள். மாட்ட வருகிறவர் பைப் நீளம் குறைகிற இடத்தைத்தான் காட்டுவார். நாலு அடி பைப்புக்கு ஆகும் காசு, காயில் மாற்றும் செலவில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது. அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ள காயிலா என்று கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளிப்பெட்டியின் தகடுகள் மேல் நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி உப்பைக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உப்பை உப்பால் கழுவிய கதையாகிவிடும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கும்.

ஜன்னல் கிரில்லுக்கு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பெயின்ட் அடியுங்கள். முதலில் துருவை உப்புத்தாளால் சுரண்டி எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட். துருவின் மேலேயே பெயின்ட் பூசிவிட்டுப் போகும் வேலைதான் சாதாரணமாக நடக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

12. ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காது என்பது கடலோரத்தில் செல்லாது. துணி உலர்த்தும் ஸ்டாண்டு, பால்கனிக் கைப்பிடி வாங்கும்போது 304 தரமா என்று கேளுங்கள். மலிவான 202 ஸ்டீலில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி கிளம்பும். 304கூட வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால்தான் பளிச்சென்று இருக்கும். போர் தண்ணீர் வரும் பாத்ரூமுக்கு விலை உயர்ந்த குரோம் குழாய் எதற்கு? நல்ல பிளாஸ்டிக் குழாயே போதும்.

13. ஆர்.ஓ. இயந்திரம் வாங்குமுன் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வரும் மெட்ரோ வாட்டர் அதற்குக் கீழே காட்டினால், கொதிக்க வைத்துக் குடிப்பதோ யு.வி. சுத்திகரிப்பானோ போதும். ஆர்.ஓ. இயந்திரத்தின் விலை, வருஷா வருஷம் மாற்றும் ஃபில்டர், வெளியே கொட்டும் தண்ணீர் மூன்றும் மிச்சம். ஏரித் தண்ணீர் வரும் பகுதி வேறு, நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் பகுதி வேறு. அதனால் அண்ணன் வீட்டுக் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

14. ஆர்.ஓ. இருந்தே ஆக வேண்டும் என்றால், அது வெளியேற்றும் தண்ணீருக்கு ஒரு வாளி வையுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, வாசல் தெளிக்க. செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். மண்ணில் உப்பு தங்கிவிடும்.

15. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003லேயே கட்டாயமாக்கப்பட்டது. பைப் இருக்கிறது, அது எங்கே போய் முடிகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர். ஒரு 9,000 லிட்டர் லாரி வாசலில் வந்து நின்றதற்குச் சமம். சென்னையில் ஒரு வருஷ மழை சராசரியாக 140 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். எனவே அக்டோபர் முதல் வாரத்தில் மாடியைப் பெருக்கி, பைப் வாயில் வலை கட்டி, வடிகட்டித் தொட்டியின் ஜல்லியையும் மணலையும் அலசிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு இரண்டாம் மழையிலிருந்து சம்ப்பில் பிடியுங்கள். மிச்சம் கிணற்றுக்கோ உறைகிணற்றுக்கோ போகட்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி மணற்பாங்கான இடங்களில் இது இரட்டை லாபம். அங்கே நிலத்தடியில் நல்ல தண்ணீர் மேலே, உவர்நீர் கீழே. மேலே உள்ளதை உறிஞ்சிக்கொண்டே போனால் கீழிருக்கும் உவர் ஏறிவிடும். ஏறியபின் வாஷிங் மெஷின், கீசர், குழாய் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தண்டம் கட்ட வேண்டியதுதான்.

16. மே மாதம் காலை பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். குளிக்கும் தண்ணீரை முந்தின இரவே வாளிகளில் பிடித்து வைத்துவிடுங்கள். கீசர் இந்த ஊருக்கு மார்கழி, தை இரண்டு மாதச் சமாசாரம். மீதி நாளில் அதன் சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைக்கலாம், தப்பில்லை.

17. மீன். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மீனுக்கு அதிகம் கொடுப்பானேன்? வஞ்சிரம் ஒன்றே மீன் என்று நினைப்பவர்களின் பர்ஸ்தான் முதலில் இளைக்கும். மத்தி, கவலை, காரப்பொடி, நெத்திலி, காணாங்கத்தை இவையெல்லாம் விலையிலும் சத்திலும் நம் பக்கம். சின்ன மீன்களைக் கூறு போட்டு விற்பார்கள். கூறுக்கு மேல் ஒரு பிடி கேட்டால் பெரும்பாலும் விழும்.

காசிமேடோ, சிந்தாதிரிப்பேட்டையோ, பட்டினப்பாக்கம் லூப் ரோடோ, எங்கே வாங்கினாலும் முதலில் கண்ணைப் பாருங்கள். மேலே துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். விரலால் சதையை அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். "அக்கா, செவுளைக் காட்டுங்க" என்று கேட்டால் ஒருபோதும் தயங்க மாட்டார்கள். கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோ கண்ணு, எப்டி செவேல்னு கீது! ஐஸ் மீனுன்னு நெனச்சிக்கினியா?" என்று பதிலுக்கு நம்மையே கேட்பார்கள். சிவப்பை மட்டும் நம்பாமல் குனிந்து மோந்தும் பாருங்கள். கடல் வாடை இருக்கலாம், அழுகல் வாடை கூடாது. நறுக்கிச் சுத்தம் செய்யும் கூலி தனி. எடை போடுமுன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கிப் போட விடாதீர்கள், குழம்புக்கு அதுதான் ருசி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விலை உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதனில் போங்கள். புரட்டாசியில் பாதி ஊர் அசைவத்தை விட்டுவிடுவதால் விலை இறங்கும். விரதம் இல்லாத வீட்டுக்கு அந்த மாதம் பண்டிகை.

18. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் போகும். வரத்து குறையும், விலை ஏறும். கேரளக் கடற்கரையிலிருந்து வரும் மீன்தான் ஈடு கட்டும். ஜூன் முற்பகுதியில் மேற்குக் கடலிலும் தடை தொடங்கிவிடும் என்பதால், இங்கே தடை முடியும்வரை மீனுக்கு ஏறக்குறைய பஞ்சம்தான். மார்ச்சிலேயே நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் வாங்கி, ஒருநாள் வெயிலில் காயவைத்து, கண்ணாடி ஜாடியில் அடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் இந்த ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிடும்.

19. கோயம்பேட்டுக்கு ஆளாளுக்குத் தனியாகப் போனால் வண்டிச் செலவிலேயே லாபம் போய்விடும். நாலு வீடு சேர்ந்து வாரம் ஒருவர் போங்கள். ஒரு பெட்டித் தக்காளி, ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரம் ஓய்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில் போனால் மிச்சத்தைத் தள்ளிவிடும் அவசரம் அவர்களுக்கு இருக்கும். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முந்தின நாள் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கீரையைத் தெருவில் வருபவரிடமே வாங்குங்கள், கோயம்பேட்டிலிருந்து வீடு வருவதற்குள் வாடிவிடும்.

20. இட்லி மாவு மே மாதத்தில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் இரவு முழுக்க வைத்தாலும் அசையாது. வெயிலில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, வெந்தயத்தைக் குறைத்து, பொங்கத் தொடங்கியதுமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளுக்குத் தேவையானதை மட்டும் வெளியே விடுங்கள். புளித்த மாவைக் கொட்ட வேண்டாம். ரவையும் வெங்காயமும் சேர்த்துக் குழிப்பணியாரமாக ஊற்றலாம். கடையில் பாக்கெட் மாவு வாங்கும் வீடுகள் மாதம் எவ்வளவு ஆகிறது என்று ஒருதரம் கூட்டிப் பார்க்கட்டும், கிரைண்டர் பரணிலிருந்து தானே இறங்கும்.

21. ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுக் கார்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் வெளியில் பருப்பு வாங்கிய பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதக் கடைசியில் போனால் பருப்பு தீர்ந்திருக்கும். தனிக்கட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்கு: 2013ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. சம்பளத்துக்கு முந்தின வாரத்தைத் தாண்டப் பலருக்கும் கைகொடுத்தது அதுதான்.

22. பருப்பு, ரவை, மிளகாய்த்தூள் எதையும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். ஈரக்காற்று வண்டையும் பூஞ்சையையும் கூட்டி வரும். ரவையை வாங்கியதும் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். உப்பு ஜாடியில் ஒரு ஸ்பூன் அரிசி. பட்டுப்புடவையை வெள்ளை வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். தோல் செருப்பை அலமாரிக்குள் வைக்கவே வேண்டாம்.

23. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இலவசம். ஆண்கள் வேலை நாளில் சராசரியாக 40 ரூபாய்க்கு மேல் டிக்கெட் எடுக்கிறார்கள் என்றால் 1000 ரூபாய் மாதப் பாஸ் லாபம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்தான் இந்த ஊரில் இன்றும் மலிவான பயணம். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறையும். மெட்ரோவில் 10 முதல் 50 ரூபாய். செல்போனில் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. ஆட்டோ மீட்டர் கட்டணத்தை அரசு 2013ல் நிர்ணயித்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேசினால் சிரிப்பார், அவ்வளவுதான்.

24. கோடை விடுமுறையில் பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில் ஏசி கேட்கிறார்களா? 2010ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். குளிர்சாதன வசதி, குழந்தைகளுக்குத் தனித் தளம், படிக்கக் கட்டணம் இல்லை. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு.

25. சொந்த வீட்டுக்காரர்கள் சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டிவிடுங்கள். மாநகராட்சி 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை தருகிறது. தள்ளிப்போட்டால் அபராத வட்டி. கடைத்தெருவிலும் இப்படி மிச்சம் பிடிக்கலாம்: துணிமணிக்கு ரங்கநாதன் தெருதான் என்று இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அதே சுடிதார் இறங்கிய விலைக்குக் கிடைக்கும். பள்ளி நோட்டுகளை மே கடைசியில் பாரிமுனை பந்தர் தெருவில் டஜனாக வாங்குங்கள்.

26. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வண்டியின் இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் படியுங்கள். தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முந்தின வெள்ளத்தில் மெக்கானிக் பில் கட்டியவர்கள் அவர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் இரண்டடி உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் சூழ்ந்துவிட்டால், வடிந்த பிறகும் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, இழுத்துப் போகும் வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.